காலியாக வரவேண்டிய டப்பா

டேப்பு என்று கூப்பிட்டால்தான் அவன் திரும்பிப் பார்ப்பான். சொந்தப் பெயரைச் சொல்லி அழைத்தால், பின்னால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று ஒதுங்கி வழிவிடுவான். வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் பதினாறு வருஷமாகச் சாமான் கட்டுகிறவன். இடது மணிக்கட்டில் எப்போதும் பழுப்பு நிற டேப் உருளை ஒன்று வளையல் மாதிரி கிடக்கும். கல்யாணப் போட்டோவிலும் கிடக்கிறது. கழற்ற மறந்துவிட்டதாகச் சொல்கிறான். கழற்ற மனசு வரவில்லை என்பதுதான் உண்மை.

வேலையில் அவனை யாரும் குறை சொல்ல முடியாது. கனமானது கீழே, லேசானது மேலே. ஈரமானதும் காய்ந்ததும் ஒரே பெட்டியில் போகக் கூடாது. பெரிய சாமானைக் கழற்றிப் பாகம் பாகமாகக் கொண்டுபோக வேண்டும், அதன் திருகாணிகளை ஒரு பையில் போட்டு அதன் காலிலேயே கட்டிவிட வேண்டும். பெட்டியை மூடியதும் காதோரம் வைத்துக் குலுக்குவான். உள்ளே ஏதாவது ஆடும் சத்தம் கேட்டால் திரும்பப் பிரித்து இடுக்குகளில் காகிதத்தைத் திணிப்பான். எல்லாவற்றுக்கும் நம்பர், எல்லாவற்றுக்கும் லிஸ்ட். ஒரு கரண்டி கூட அவன் லிஸ்டில் விட்டுப்போனதில்லை. ஒருமுறை, வீட்டுக்காரர் போன் எடுக்க எழுந்து போன நேரத்தில், அவர் பாதி குடித்து வைத்திருந்த காபிக் கோப்பையைக் கழுவித் துடைத்துச் சுற்றிக் கட்டி, நாற்பத்திரண்டு என்று நம்பரும் போட்டுவிட்டான். மனுஷன் திரும்பி வந்து வெறும் மேசையைத் தடவிக்கொண்டு நின்றார்.

இப்படிப்பட்டவன் ஒரு சின்ன சாப்பாட்டு டப்பாவிடம் தோற்றுப்போனான் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் நடந்தது அதுதான்.

அவனுடைய மனைவி பஸ் ஓட்டுகிறவள். ஐந்து வருஷம் டிப்போ ஆபீசில் உட்கார்ந்து அட்டவணை எழுதிக்கொண்டே, ஜன்னல் வழியாக பஸ்களை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தவள். பெரிய வண்டி லைசென்ஸ் வாங்கி, பரீட்சை எழுதி, ஒருவழியாக ஸ்டீயரிங்கைப் பிடித்து மூன்று வருஷமாகிறது. முதல் டிரிப் அவளுடையது. விடியற்காலை ஐந்து மணிக்கு வண்டியை எடுக்க வேண்டும். அதனால் நாலு மணிக்கே எழுந்து மகளுக்கும் அவனுக்கும் சாண்ட்விச் செய்து வைத்துவிட்டுப் போவாள். தக்காளி, வெள்ளரிக்காய், சீஸ், ஓரம் வெட்டிய பிரெட். மூன்று வருஷமாக அதே சாண்ட்விச், அதே முக்கோணம்.

மகளுக்கு எட்டு வயசு. பாவம், அவள் எவ்வளவோ பொறுத்துப் பார்த்தாள். இந்த வருஷம் பள்ளி திறந்த மூன்றாவது வாரத்திலிருந்து டப்பா போனபடியே திரும்பி வர ஆரம்பித்தது. முதலில் ஒரு முக்கோணம் மிஞ்சியது. அப்புறம் இரண்டு. அப்புறம் முழுசும். ஒருநாள் மத்தியானம் விளையாட்டுப் பீரியடில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். வகுப்பு மிஸ் டைரியில் சிவப்பு மையில் எழுதி அனுப்பிவிட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் மனைவி சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. டைரியைப் படித்தாள், டப்பாவைத் திறந்தாள், வாடிப்போன முக்கோணங்களைப் பார்த்தாள். பிறகு ஒரு வெள்ளைத்தாளை எடுத்து உட்கார்ந்து எழுதி, ஃபிரிஜ் கதவில் காந்தத்தைக் கொண்டு மாட்டினாள். பழையபடி ஆபீஸ் வேலைக்கு மாற்றிக் கொடுக்கும்படி டிப்போ மேனேஜருக்கு விண்ணப்பம்.

"என்னம்மா இது?" என்றான் டேப்பு.

"ஆபீஸ்னா ஒம்பது மணிக்குப் போனா போதும். சூடா ஏதாவது செஞ்சு, மத்தியானம் நானே ஸ்கூல்ல கொண்டு போய்க் கொடுத்துடுவேன். பிள்ளை பட்டினி கிடக்க நான் பஸ் ஓட்டணுமா?"

"உனக்குப் பிடிச்ச வேலையாச்சே."

"பிடிச்சா என்ன பண்றது?"

அவள் பஸ் ஓட்டுவதை அவன் ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறான். திருப்பத்தில் அந்தப் பெரிய வண்டியை ஒரு கையால் வளைத்துக்கொண்டு, உதட்டுக்குள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு போனாள். வீட்டில் அவள் பாடிக் கேட்டதில்லை. அந்தப் பாட்டு நின்றுபோவது அவனுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"ஒரு வாரம் என்கிட்ட விடு," என்றான். "டப்பாவை நான் கட்டறேன். ஊர்ச் சாமானையெல்லாம் கட்டறவன், என் பிள்ளை சாப்பாட்டைக் கட்ட மாட்டேனா?"

"சாப்பாட்டைக் கட்டறது வேற, சாப்பிட வைக்கறது வேற."

"வெள்ளிக்கிழமைக்குள்ள டப்பா காலியா வரும். நீ பாரு."

"சரி. அடுத்த திங்கட்கிழமைதான் கொடுக்கணும். அதுவரைக்கும் இந்தப் பேப்பர் இங்கேயே இருக்கட்டும்."

திங்கட்கிழமை அவன் மக்ரோனி செய்தான். பட்டாணி, பொடியாக வெட்டிய கேரட், மேலே துளி வெண்ணெய், மிளகுத்தூள். ருசி நன்றாகவே இருந்தது, அதைக் குறை சொல்லக் கூடாது. டப்பாவில் போட்டு மூடினான். பழக்கதோஷம், காதோரம் வைத்துக் குலுக்கினான். உள்ளே என்னவோ ஆடியது. விடுவானா? இடுக்கில் எல்லாம் பட்டாணியைத் திணித்தான். திரும்பக் குலுக்கினான். சத்தமில்லை. மூடியைச் சுற்றி டேப் இரண்டு சுற்று, குறுக்கே இரண்டு சுற்று, அதற்கு மேல் காற்றுக்குமிழ் வைத்த பபிள் ஷீட், அதற்கு மேல் மறுபடியும் டேப். மாடியிலிருந்து தூக்கிப் போட்டாலும் ஒரு பட்டாணி சிந்தாது.

அது சிந்தவுமில்லை, திறக்கவுமில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரம் மொத்தமே இருபது நிமிஷம். மகள் நகத்தால் பார்த்தாள், பல்லால் பார்த்தாள். பக்கத்துப் பெஞ்சுக்காரி ஸ்கேலால் குத்திப் பார்த்தாள். கடைசியில் மிஸ் கத்திரிக்கோலோடு வந்து ஒவ்வொரு சுற்றாக அறுத்துக்கொண்டே போனார். மூடி திறந்தபோது மணியடித்துவிட்டது.

சாயங்காலம் மக்ரோனி வீடு வந்து சேர்ந்தது. டேப்புவை வேனில் கொண்டுவந்து இறக்கிவிட்ட பீரோ வாசலில் நின்றபடியே அதைச் சாப்பிட்டு முடித்தான். பீரோ என்பது டேப்புவோடு வேலை செய்கிற ஆள். இரும்பு பீரோவைத் தனியாளாக முதுகில் ஏற்றிக்கொண்டு மூன்று மாடி ஏறுவான் என்பதால் அந்தப் பெயர்.

"டேப்பண்ணே, பட்டாணி கொஞ்சம் ஜாஸ்தி," என்றான் வாயைத் துடைத்துக்கொண்டு.

மனைவி ஃபிரிஜ் கதவை மட்டும் ஒருமுறை பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை டேப்பு திருந்திவிட்டான். டப்பாவுக்கு டேப் கிடையாது. ஆனால் உள்ளே எல்லாமே தனித்தனிப் பொட்டலம். மிளகு தூவிய உருளைக்கிழங்குத் துண்டுகள், அவித்த கொண்டைக்கடலை, சீஸ் கட்டிகள், திராட்சை. ஒவ்வொரு திராட்சைக்கும் தனி பபிள் ஷீட். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் நம்பர். மேலே லிஸ்ட்: ஒன்றிலிருந்து ஆறு வரை உருளைக்கிழங்கு, ஏழிலிருந்து பன்னிரண்டு வரை திராட்சை என்று வரிசையாக எழுதி, அடியில் பெற்றுக்கொண்டவர் கையொப்பமிட ஒரு கோடும் போட்டிருந்தான்.

அன்றைக்கு டப்பா காலியாக வந்தது. டேப்பு அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு சமையலறைக்கும் ஹாலுக்கும் இரண்டு நடை நடந்தான்.

"பாத்தியா? பாத்தியா? ஒரு பருக்கை இல்ல!"

"நீ சாப்பிட்டியாடி கண்ணு?" என்று மனைவி மகளைக் கேட்டாள்.

"நான் ஒரு கொண்டைக்கடலை சாப்பிட்டேன்."

"மீதி?"

"எல்லாரும் வந்து ஆளுக்கொரு பொட்டலம் பிரிச்சாங்கம்மா. பிரிச்சவங்களுக்குத்தான் உள்ள இருக்கறதுன்னு பின்பெஞ்சுக்காரன் சொல்லிட்டான். அப்புறம் எல்லாரும் சேர்ந்து பபிளை உடைச்சோம். மிஸ்கூட ரெண்டு உடைச்சாங்க. ரொம்ப ஜாலியா இருந்துச்சுப்பா!"

கையொப்பக் கோட்டில் பதினோரு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். டேப்பு அசடு வழியச் சிரித்தான். மகள் இரண்டு தட்டுச் சோற்றை மளமளவென்று உள்ளே தள்ளினாள்.

புதன்கிழமை ஆம்லெட். மெலிசாக ஊற்றி, பாய் சுருட்டுவது போலச் சுருட்டி, வட்ட வட்டமாக வெட்டி அடுக்கினான். இந்த முறை பொட்டலம் இல்லை, நம்பர் இல்லை, லிஸ்ட் இல்லை. கையும் காலும் ஓடாமல்தான் நின்றான். கடைசி நேரத்தில் மனசு கேட்காமல் கம்பெனி ஸ்டிக்கர் இரண்டை மட்டும் ஒட்டினான். ஒன்றில் 'உடையும் பொருள்'. இன்னொன்றில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி, 'இந்தப் பக்கம் மேலே'.

மகள் அப்பாவுக்குத் தப்பாத பிள்ளை. அம்புக்குறி மேலே இருக்க வேண்டுமென்றால் மேலேதான் இருக்க வேண்டும். டப்பாவைப் பையில் வைத்தால் சாயுமே என்று இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு பள்ளிக்குப் போனாள். கணக்குப் பீரியடிலும் பிடித்துக்கொண்டிருந்தாள். கரும்பலகைக்கு அழைத்தபோது, "மிஸ், இதைக் கொஞ்சம் ஆடாம பிடிச்சுக்கறீங்களா?" என்று கேட்டாள். மத்தியானம் ஆனபோது இரண்டு கையும் மரத்துப்போய், ஸ்பூனைத் தூக்கினால் ஸ்பூன் ஒரு பக்கம் கை ஒரு பக்கம் என்று போனது.

ஆம்லெட் பீரோவுக்குப் போய்ச் சேர்ந்தது. டைரியில் மிஸ் எழுதியிருந்தார்: 'தயவுசெய்து சாப்பாடு மட்டும் அனுப்பவும்.'

வியாழக்கிழமை டேப்பு கை ஓய்ந்துபோனான். மகளுக்கு வேறு என்ன செய்து கொடுப்பது என்று தெரியவில்லை. பழையபடி சாண்ட்விச்சே செய்தான். தக்காளி, வெள்ளரிக்காய், சீஸ். ஓரங்களை வெட்டிக் குப்பைக்கூடையில் போட்டான். டப்பா போனபடியே வந்தது. வாசலில் காத்திருந்த பீரோ திறந்து பார்த்துவிட்டு, "சாண்ட்விச்சா? வேணாண்ணே," என்று மூடிக் கொடுத்துவிட்டான். பீரோவே வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் டேப்புக்கு உறைத்தது, இந்த நாலு நாளில் மகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று. ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதல் வேலையாக, எதை எப்படிக் கொண்டுபோகணும் சொல்லுங்க என்று வீட்டுக்காரரைக் கேட்பவன், சொந்த வீட்டில் கேட்கவில்லை.

சமையலறைத் தரையில் மகளுக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தான்.

"அம்மாடி, சாண்ட்விச்ல உனக்கு என்னதான் பிடிக்கலை? உண்மையைச் சொல்லு. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

மகள் டப்பாவைத் திறந்து ஒரு முக்கோணத்தை எடுத்து, மேல் பிரெட்டைத் தூக்கிக் காட்டினாள்.

"தக்காளித் தண்ணியெல்லாம் பிரெட்ல இறங்கிடுதுப்பா. மத்தியானம் தொட்டா சொதசொதன்னு இருக்கு."

டேப்பு அந்த ஈரப் பிரெட்டைப் பார்த்தான். முகம் தொங்கிப்போனது. ஈரமும் காய்ந்ததும் ஒரே பெட்டியில்! பதினாறு வருஷமாக ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிற பாடம். அதே ஈரச் சாண்ட்விச்சை மூன்று வருஷமாக அவனும்தான் தின்றுகொண்டிருக்கிறான், ஒருநாளும் தோன்றவில்லையே!

"அப்புறம், திறக்கறதுக்கு முன்னாடியே என்ன இருக்குன்னு தெரிஞ்சுடுது. எனக்கு வேலையே இல்ல. சும்மா தின்னணும்."

"வேலையா? என்ன வேலை?"

"பொட்டலம் பிரிச்சோம்ல, அந்த மாதிரி."

டேப்பு கொஞ்ச நேரம் மணிக்கட்டில் இருந்த டேப் உருளையைச் சுற்றிக்கொண்டே இருந்தான். பிறகு, "கட்டிலை எப்படிக் கொண்டு போவோம்?" என்று கேட்டான்.

"கழட்டித்தான். கட்டிலை அப்படியே கொண்டு போனா கதவுல நுழையாதுன்னு நீதானே சொன்னே?"

"போய்ச் சேர்ந்ததும்?"

"மாட்டணும்."

"மாட்டறியா?"

மகளின் கண் விரிந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் டேப்பு திருகாணி போட்டு வைக்கிற புது பிளாஸ்டிக் பெட்டியை எடுத்தான். உள்ளே ஏழு தடுப்பு. வெந்நீர் ஊற்றிக் கழுவித் துடைத்துக் காய வைத்தான். ஒரு தடுப்பில் பிரெட்டைச் சின்னச் சதுரங்களாக வெட்டி அடுக்கினான். ஒன்றில் சீஸ், ஒன்றில் வெள்ளரிக்காய். தக்காளிக்குத் தனித் தடுப்பு, பிரெட்டிலிருந்து தள்ளி எதிர் மூலையில். ஒன்றில் மசித்த முட்டை, ஒன்றில் வெண்ணெய். கடைசித் தடுப்பில், வெட்டிய ஓரங்களை நெருப்பில் வாட்டிக் குச்சி குச்சியாக வைத்தான். மூடினான். காதோரம் கொண்டுபோனான். உள்ளே எல்லாம் கடகடவென்று ஆடியது. கை பரபரத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே மகளிடம் கொடுத்துவிட்டான். அவனுடைய வாழ்க்கையிலேயே அவன் ஆடவிட்ட ஒரே பெட்டி அதுதான்.

சாயங்காலம் மகள் வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வந்தாள்.

"அப்பா! ஆறு மாட்டினேன்! ஒண்ணு மூணு மாடி! ஓரத்தை நடுவுல குத்தி நிக்க வெச்சேன், சாயவே இல்ல!"

"சாப்பிட்டியா?"

"மாட்டினவங்கதான் சாப்பிடணும்னு சொல்லிட்டேன். யாரையும் தொட விடல. எல்லாத்தையும் நானே சாப்பிட்டேன். ஓரத்தை வெண்ணெயில தொட்டுத் தொட்டு..."

டைரியில் மிஸ்ஸின் சாட்சியும் இருந்தது: 'இன்று சாப்பாடு முழுவதையும் தானே சாப்பிட்டாள். என்ன உணவு என்று தெரிவிக்கவும்.'

என்ன உணவு! இத்தனை நாளாக வேண்டாம் என்று தள்ளிய அதே சாண்ட்விச். அதே தக்காளி, அதே சீஸ். கழற்றிக் கொடுத்தால் அமிர்தம், மாட்டிக் கொடுத்தால் விஷம். இந்தப் பிள்ளைகளை என்னவென்று சொல்வது?

பீரோவுக்குத்தான் அன்றைக்கு ஏமாற்றம். காலிப் பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு முணுமுணுத்துக்கொண்டே வேனில் ஏறினான்.

டியூட்டி முடிந்து வந்த மனைவி பெட்டியைத் திறந்து, ஏழு தடுப்பையும் விரலால் தடவிப் பார்த்தாள். ஃபிரிஜ் கதவிலிருந்த தாளை எடுத்தாள். கிழிக்கப் போகிறாள் என்று டேப்பு மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றான். அவள் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

"ஒரு நாள்தானே ஆச்சு? திங்கட்கிழமையும் பாக்கலாம்," என்றாள். பிறகு பிஸ்கட் பாக்கெட் ஒன்றைப் பிரித்து, நின்றபடியே நாலு பிஸ்கட்டை ஒன்றாக வாயில் போட்டாள்.

"என்னம்மா இப்படிப் பறக்கறே? மத்தியானம் சாப்பிடலையா?"

"பிஸ்கட்டுதான்."

"ஏன், எப்பவும் என்ன சாப்பிடுவே?"

"ஓரம்."

"எந்த ஓரம்?"

"நீங்க ரெண்டு பேரும் தொடமாட்டேங்கற ஓரம். வேற எந்த ஓரம்? உங்களுக்கு சாண்ட்விச் கட்டிட்டு, வெட்டின ஓரத்தை வாட்டி நான் எடுத்துட்டுப் போவேன். இந்த வாரம் நீங்கதானே கட்டினீங்க. ஓரம் ஏது?"

மூன்று வருஷம். டேப்பு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். ஊரார் வீட்டுக் கரண்டிக்கெல்லாம் நம்பர் போட்டவன், தன் மனைவி மத்தியானம் என்ன சாப்பிடுகிறாள் என்று ஒருநாளும் லிஸ்டில் எழுதவில்லை. வியாழக்கிழமை குப்பைக்கூடையில் போட்டது அவளுடைய சாப்பாடு. அவனுக்கு வெட்கமாக இருந்தது. டேப் உருளையைச் சுற்றிக்கொண்டே இருந்தான்.

திங்கட்கிழமை அவளுக்கு முன்னால் எழுந்துவிட்டான். சனிக்கிழமையே இன்னும் இரண்டு திருகாணிப் பெட்டி வாங்கி வைத்திருந்தான். மூன்று பெட்டி, மூன்றிலும் ஏழு ஏழு தடுப்பு. மனைவியின் பெட்டியில் மட்டும் விசேஷ கவனம். பிரெட்டின் நடுப்பாகத்தை மட்டும் பார்த்துப் பார்த்து வெட்டினான். ஓரம் ஒரு துணுக்குக்கூட அதில் வந்துவிடக் கூடாது என்று இரண்டு தடவை சரிபார்த்தான். இத்தனை வருஷம் ஓரம் தின்றவள் இனிமேல் நடுவைத் தின்னட்டும். ஓரத்தையெல்லாம் வாட்டி மகளுக்கும் தனக்கும் பங்கு போட்டுக்கொண்டான். மனைவியின் பெட்டிக்குள் சின்னதாக லிஸ்ட் ஒன்றும் வைத்தான். டேப் போடவில்லை.

அவள் பெட்டியை வாங்கிக்கொண்டாள். கைப்பையில் விண்ணப்பத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். அப்படியே கிளம்பிப் போனாள்.

அன்றைக்கு முழுக்க டேப்புக்கு வேலையில் கவனமில்லை. ஒரு வீட்டில் தலையணையைக் கீழே போட்டு அதன் மேல் இஸ்திரிப் பெட்டியை வைக்காமல், இஸ்திரிப் பெட்டி மேல் தலையணையைத்தானே வைக்க வேண்டும் என்று பீரோ அவனுக்குப் பாடம் எடுக்கிற நிலைமை வந்துவிட்டது. "என்ன ஆச்சுண்ணே, கப்பல் கவிழ்ந்துபோச்சா?" என்று கேட்டான் பீரோ. விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டாளா இல்லையா என்பது தவிர டேப்புவின் மண்டையில் வேறெதுவும் ஓடவில்லை.

சாயங்காலம் மகளின் பெட்டி காலியாக வந்தது. ஐந்து மணிக்கு மனைவி வந்தாள். தன் பெட்டியை மேசை மேல் வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள். டேப்பு திறந்தான். அதுவும் காலி. நடுத் தடுப்பில் நாலாக மடித்த தாள் ஒன்று இருந்தது. பிரித்தான். அவள் கையெழுத்து.

'லிஸ்டில் கண்ட ஆறு சாமான்களும் சேதமில்லாமல் வந்து சேர்ந்தன. குறை: ஏழாவது தடுப்பு காலி, ஓரத்தைக் காணோம். எனக்குப் பிடித்ததே அதுதான். என் ஓரத்தை யாருக்குக் கொடுத்தீர்கள்? நாளை முதல் டிரிப்புக்கு முன்னால் ஒப்படைக்கவும்.'

தாளைத் திருப்பிப் பார்த்தான். மறுபக்கம் டிப்போ மேனேஜருக்கு எழுதிய விண்ணப்பம்.

குளியலறையில் தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே அவள் உதட்டுக்குள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

டேப்பு அந்தத் தாளை ஃபிரிஜ் கதவில் வைத்து, குறை எழுதிய பக்கம் வெளியே தெரியும்படி, நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டினான். அதற்கு மேல் குறுக்கே இன்னும் இரண்டு டேப். இனி அதைப் பிரிக்க வேண்டுமென்றால் மிஸ்தான் கத்திரிக்கோலோடு வர வேண்டும்.